வேலியில் முருங்கை, பிள்ளைக்குக் குருதிச்சோகை

என் இளைய மகளுக்கு இரண்டு வயது நிரம்பிய ஆண்டில் அவளிடம் ஒரு புதுப் பழக்கம் தோன்றிற்று. என் தாயார் அரிசி புடைக்கும் வேளையில் சுளகின் ஓரத்தில் வந்து குந்தியிருந்து, பச்சை அரிசியை அள்ளி அள்ளி வாயிலிட்டு மென்றாள். தடுத்தால் அழுதாள். தடுப்பார் இல்லாத நேரத்தில் சுவரிலுள்ள சுண்ணாம்பையும் சுரண்டித் தின்றாள். முதலில் நாங்கள் சிரித்தோம், பின்னர் கடிந்தோம். "பிள்ளைக்குப் பூச்சி, தம்பி. வேப்பங்கொழுந்து அரைச்சுக் குடுத்தால் சரியாப் போகும்" என்றார் தாயார். அரைத்தும் கொடுத்தோம். அரிசி தின்பது நிற்கவில்லை.

அந்த மாதம் நிறை பார்ப்பதற்காகப் பிள்ளையைக் கிளினிக்குக்குக் கொண்டு சென்றபோது, அங்கிருந்த குடும்பநல மாது அவளுடைய கீழிமையை விரலால் மெல்ல இறக்கிப் பார்த்தார். சிவந்திருக்க வேண்டிய உட்புறம் வெளிறிக் கிடந்தது. இரத்தம் சோதிக்கும்படி வைத்தியசாலைக்கு அனுப்பினார். 100 மில்லிலீற்றர் குருதியில் ஈமோகுளோபின் 8.6 கிராம் என்று முடிவு வந்தது. அந்த வயதில் அது 11 கிராமுக்குக் குறையலாகாது. இரும்புக் குறைபாட்டினால் வந்த குருதிச்சோகை என்றார் வைத்தியர். அரிசியும் மண்ணும் சுண்ணாம்பும் தின்னும் ஆசை இக்குறைபாடு உள்ள பிள்ளைகளிடம் பெரிதும் காணப்படுவது என்பதையும் அவர் கூறியே அறிந்தோம்.

வீட்டுக்கு வந்து செய்தியைச் சொன்னபோது என் தாயார் வியந்தும் சற்றே சினந்தும் கேட்ட கேள்வி இன்றும் என் காதில் நிற்கின்றது. "வேலி முழுக்க முருங்கை நிக்குது, கிணத்தடியிலை பொன்னாங்காணி. இந்த வீட்டுப் பிள்ளைக்கு இரும்பு இல்லையாமோ?"

கேள்வி நியாயமானதே. வேலியில் நிற்கும் இரும்பு பிள்ளையின் இரத்தத்துக்குப் போய்ச் சேராததற்குக் காரணம் யாது? அன்று தொடங்கி நான் படித்தும் கேட்டும் அறிந்தவற்றை இவ்வாரம் வாசகர் முன் வைக்கின்றேன்.

தந்தையிலும் கூடிய தேவை

நிறைமாதத்திற் பிறக்கும் குழந்தை, தாயிடமிருந்து பெற்ற ஓர் இரும்புச் சேமிப்புடன் பிறக்கின்றது. தாய் நலமாயிருந்தால் அச்சேமிப்பு ஏறத்தாழ ஆறு மாதத்துக்குப் போதும். தாய்ப்பாலில் உள்ள இரும்பு மிகச் சிறிது. எனினும் அதனைக் குழந்தையின் உடல் நன்கு உறிஞ்சிக்கொள்ளும். ஆறு மாதத்தின் பின்னரோ சேமிப்புக் கரைகின்றது. உடலும் மூளையும் விரைந்து வளர்கின்றன. அப்பொழுது இரும்பு உணவின் வழியாகவே வரவேண்டும். சோறு தீத்தும் சடங்கினை நம் முன்னோர் பெரும்பாலும் இக்காலத்தை ஒட்டியே வைத்தார்கள். சடங்கு முடிந்ததும் மீண்டும் பாலும் கஞ்சித் தெளிவும் என்று நாம் திரும்பிவிடுவதே குறை.

தேவையின் அளவைப் பார்த்தால் வியப்பே மேலிடும். அமெரிக்க ஊட்டச்சத்து வல்லுநர்கள் 2001ஆம் ஆண்டில் வகுத்த கணக்கின்படி, 7 மாதம் முதல் 12 மாதம் வரையுள்ள குழந்தைக்கு நாளொன்றுக்கு 11 மில்லிகிராம் இரும்பு வேண்டும். ஒரு வயது முதல் மூன்று வயது வரை 7 மில்லிகிராம். வளர்ந்த ஆண்மகனுக்கு 8 மில்லிகிராம். தவழும் பிள்ளைக்குத் தந்தையிலும் கூடுதலான இரும்பு தேவை. அதன் வயிறோ உள்ளங்கையளவு!

இதனை வெறும் களைப்புக் காரியம் என்று எண்ணி விடுதல் தகாது. இரும்பு இல்லாவிடின் ஈமோகுளோபின் இல்லை; அஃது இல்லாவிடின் உடலெங்கும் ஒட்சிசன் செல்வது குறையும். மூளையின் வளர்ச்சிக்கும் இரும்பு வேண்டும். மத்திய அமெரிக்காவிலுள்ள கொஸ்ரா றிக்கா நாட்டில் நடந்து 1991ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, ஆசிரியனாகிய என்னை வெகுவாகக் கலக்கியது. சிசுப் பருவத்தில் இரும்புக் குறைபாட்டினாற் கடிய சோகைக்கு ஆளான பிள்ளைகள், மருந்தினால் அது தீர்ந்த பின்னரும், 5 வயதில் அறிவுத்திறன் சோதனைகளிற் சற்றே பின்தங்கி நின்றார்கள் என்று அது காட்டிற்று. வகுப்பின் பின்வாங்கில் இருப்பவனை 'மந்தம்' என்று நாம் எளிதிற் பெயர் சூட்டிவிடுகின்றோம். அவன் இரண்டு வயதில் என்ன உண்டான் என்று நம்மில் எவர் கேட்கின்றோம்?

இஃது ஒரு வீட்டுத் துன்பமும் அன்று. 2019ஆம் ஆண்டில் உலகில் ஆறு மாதத்துக்கும் ஐந்து வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளில் 100க்கு 40 பேர் அளவில் குருதிச்சோகை உடையோர் என உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. எல்லாமே இரும்புக் குறைபாட்டால் வந்தவை அல்ல; ஆயினும் அதன் பங்கு பெரிது.

முதல் தடை: உறைப்பு

எங்கள் வீட்டில் வாரத்துக்கு மூன்று நாள் முருங்கையிலை வறை உண்டு. பருப்பும் பயறும் கத்தரிக்காயும் உண்டு. ஆயின் பிள்ளையின் கோப்பையில் அவை எவையும் இல்லை என்பதை நாங்கள் அதுவரை கவனித்ததில்லை. யாழ்ப்பாணத்துக் கறிக்கு உறைப்பு அணி. செத்தல் மிளகாயும் தூளும் சேர்ந்த கறியைப் பிள்ளை உண்ணாது என்பதால், குழைத்த சோற்றில் வெள்ளைச் சொதியை விட்டுத் தீத்திவிடுவோம். சில நாள் உருளைக்கிழங்கு, சில நாள் தயிர். வயிறு நிறையும், பிள்ளை கொழுகொழு என்றும் இருக்கும். அந்த உணவில் இரும்பு பேருக்குத்தான் உண்டு.

இதற்குப் பரிகாரம் மிக எளிது. தூள் போடுமுன் பருப்பிலும் கீரையிலும் பிள்ளையின் பங்கை வேறாக எடுத்துவைக்க வேண்டும். இச்சிறு செயலை எந்தத் தாயும் செய்யலாம்; ஒரு சதமும் செலவில்லை.

முருங்கையைப் பற்றியும் ஓர் உண்மை கூறவேண்டும். 100 கிராம் பச்சை இலையில் ஏறத்தாழ 4 மில்லிகிராம் இரும்பு உண்டு. இரண்டு வயதுப் பிள்ளை உண்பதோ இரண்டு மேசைக்கரண்டி வறை. 20 கிராம் என்று வைத்தாலும் அதில் ஒரு மில்லிகிராம்கூட இல்லை. அதிலும் உடல் உறிஞ்சுவது சிறு பங்கே. ஆகவே முருங்கை நல்லது. முருங்கை மட்டும் போதாது. உலர்ந்த பயறு, பருப்பு, கௌபி ஆகியவை 100 கிராமுக்கு 6 முதல் 8 மில்லிகிராம் வரை இரும்பு உடையன. எள்ளில் அதனிலும் மிகுதி. குரக்கனும் உண்டு. இவையெல்லாம் கூடினாலே பிள்ளையின் கணக்கு ஒப்பேறும்.

இரண்டாம் தடை: தேத்தண்ணீர்க் குவளை

கிளினிக்கில் அந்தக் குடும்பநல மாது என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "சாப்பிட்ட கையோடை பிள்ளைக்குத் தேத்தண்ணி குடுக்கிறனீங்களோ, மாஸ்ரர்?" எனக்கு விடை சொல்ல நாணமாயிருந்தது. மதிய உணவின்பின் நான் தேத்தண்ணீர் அருந்தும்போது மகள் என் மடியில் ஏறுவாள். என் குவளையிலிருந்தே அவளுக்கு நான்கு மிடறு கொடுப்பேன். அன்பு என்று எண்ணிச் செய்த காரியம் அது.

தேயிலையில் உள்ள தனின் என்னும் துவர்ப்புப் பொருள், தாவர உணவிலுள்ள இரும்பைப் பற்றிக்கொண்டு குடல் உறிஞ்சாதவாறு தடுக்கின்றது. உணவோடு அருந்தும் ஒரு குவளை தேநீர், உறிஞ்சப்படும் இரும்பைப் பாதிக்கு மேலும் குறைக்க வல்லது. தேயிலை விளையும் நாட்டினராகிய நாம் இதனை நன்கு அறிந்திருத்தல் வேண்டும். சிறு பிள்ளைக்குத் தேத்தண்ணீர் வேண்டியதே இல்லை. பெரியோர், அவருள்ளும் கர்ப்பிணிகள், உணவுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமாவது விடுதல் நன்று.

பாலின் கதையும் இதனோடு சேர்ந்ததே. பால் நல்லுணவு என்பதில் ஐயமில்லை. ஆயினும் பசுப்பாலில் இரும்பு அரிது. அதிலுள்ள கல்சியம் இரும்பு உறிஞ்சப்படுவதைக் குறைக்கவும் செய்கின்றது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஐந்து போத்தல் பால் குடித்த பிள்ளைக்குச் சோற்றில் நாட்டமிராது. ஒரு வயதுக்கு முன் பசுப்பாலைப் பிரதான பானமாகக் கொடுக்கலாகாது என்றும், அதன்பின் நாளுக்கு அரை லீற்றரளவில் நிறுத்துவது நன்று என்றும் குழந்தை வைத்தியர்கள் கூறுவர். பால்மாப் பெட்டியை அலுமாரியில் முன்னே வைப்பதைப் பெருமையாக எண்ணும் வீடுகள் நம்மிடையே பல. அதன் விலையில் எத்தனை நாட்பயறு வாங்கலாம் என்று ஒருமுறை கணக்குப் பார்க்கட்டும்.

தடுப்பவை இருப்பதுபோலத் துணைசெய்பவையும் உண்டு. விற்றமின் சி இரும்பின் உற்ற தோழன். வறையை அடுப்பால் இறக்கிய பின் தேசிக்காய் பிழிவது நம் பாட்டிமார் கைக்கொண்ட முறை. சுவைக்காகச் செய்தார்களோ அறியேன். உடலுக்கும் அதுவே ஏற்றது. கொதிக்கும்போது பிழிந்தால் அந்த விற்றமின் வெப்பத்தால் அழியும். கொய்யா, நெல்லி, பப்பாசி, தோடை ஆகிய பழங்களில் ஒரு துண்டை உணவோடு சேர்த்துக் கொடுத்தலும் தகும். பயற்றை ஊறவைத்து முளைகட்டிச் சமைத்தால், இரும்பைப் பிடித்து வைத்திருக்கும் பைற்றேற்று என்னும் பொருள் குறையும்.

பழைய இரும்புத் தாச்சியையும் மறக்கலாகாது. எதியோப்பியாவில் இரும்புப் பாத்திரத்திற் சமைத்த உணவை உண்ட பிள்ளைகளின் ஈமோகுளோபின், அலுமினியப் பாத்திரத்திற் சமைத்து உண்டோரினதிலும் உயர்ந்தது என 1999ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு கண்டது. எங்கள் வீட்டுத் தாச்சி அப்போது கோழிக்குத் தவிடு வைக்கப் பயன்பட்டுக்கொண்டிருந்தது!

மூன்றாம் தடை: நம்பிக்கையும் நேரமும்

'கீரை பிள்ளையின் வயிற்றைக் கழிக்கும்', 'முட்டை மாந்தம்', 'இரவிற் கீரை ஆகாது' என்பன போன்ற சொற்கள் இன்றும் வீடுகளில் வழங்குகின்றன. இவற்றைக் கூறும் முதியோர் பிள்ளையிடம் அன்பு குறைந்தவர் அல்லர். வயிற்றுப்போக்கினாற் பிள்ளைகள் மாண்ட காலத்தை அவர்கள் அறிவர். அந்த அச்சமே பேசுகின்றது. ஆகவே அவர்களைப் பழித்து ஒதுக்குவதால் ஒன்றும் ஆகாது. நன்கு கழுவி, நறுக்கி, அவித்து, மசித்த கீரையை ஒரு கரண்டி கொடுத்துப் பார்ப்போம் என்று அவர்கள் கையாலேயே கொடுக்கச் செய்தலே வழி.

சைவ உணவுக் குடும்பங்களுக்கு ஒரு சொல். எங்கள் வீட்டிற் புலால் இல்லை. மீன், இறைச்சி, ஈரல் ஆகியவற்றிலுள்ள இரும்பில் 100க்கு 15 முதல் 35 வரை உடல் உறிஞ்சும். தாவர இரும்பில் 2 முதல் 20 வரையே என்று நூல்கள் கூறுகின்றன. இதனை மறைத்தல் நேர்மையன்று. எங்கள் வைத்தியர் அதனைக் கூறிவிட்டு, "சைவம் விட வேண்டியதில்லை; கவனத்தை விடாதீர்கள்" என்று முடித்தார். பருப்பும் பயறும் கீரையும் தேசிக்காய்ப் புளியும் நாள்தோறும் தவறாது சேருமாயின் சைவப் பிள்ளையும் நன்கு வளரும். புலால் உண்ணும் வீடுகளிலோ ஈரற்றுண்டும் நல்ல மீனும் உழைக்கும் ஆடவரின் கோப்பைக்கே முதலிற் போகின்றன. முள் நீக்கிய ஒரு துண்டு மீன் சிறு பிள்ளைக்குச் செய்யும் நன்மை, தந்தைக்கு நான்கு துண்டு செய்வதிலும் பெரிது. வீட்டில் எல்லோரும் உண்டபின் மிச்சத்தை உண்ணும் தாயையும் நினைக்க வேண்டும். அடுத்த பிள்ளையின் சேமிப்பு அவளுடைய இரத்தத்திலிருந்தே வரப்போகின்றது.

நேரம் என்பது எவரும் பேசாத தடை. ஒரு பிடி முருங்கையிலையை ஈர்க்கு நீக்கி உருவ அரை மணியாகும். விடியற்காலையில் எழுந்து சமைத்து, வேலைக்கும் சென்று, இருட்டிய பின் வீடு வரும் தாய்க்கு அந்த அரை மணி எங்கே? விசுக்கோத்துப் பைக்கற்றைப் பிரிக்க ஒரு நொடி போதும். மரம் வேலியில் நிற்கின்றது. உருவுவதற்குக் கை ஓய்வாயில்லை. இதனைத் தாயின் அசட்டை என்று கூறுவோர், அன்று வீட்டில் ஓய்ந்திருந்த ஏனைய கைகள் எத்தனை என்று எண்ணிப் பார்க்கட்டும்.

வறுமை இவையனைத்தையும் மேலும் இறுக்குகின்றது. 2022ஆம் ஆண்டு செப்டெம்பரில், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, உணவின் விலை ஓராண்டுக்குள் ஏறத்தாழ 95 வீதம் உயர்ந்திருந்தது. விலையேற்றம் வரும்போது முதலிற் குறைவது அரிசி அன்று. பருப்பும் முட்டையும் மீனுமே. நாட்கூலிக் குடும்பத்திடம் சத்துணவு பற்றிப் பேசுவோர் இதனை மனத்திற் கொண்டே பேசவேண்டும். 1973ஆம் ஆண்டில் தொடங்கிய திரிபோஷா போன்ற சத்துமா, நிறை குறைந்த பிள்ளைகளுக்கும் வழங்கப்படுவது. அது தேநீருக்குத் தொட்டுக்கொள்ளும் உருண்டையாகிப் பெரியோர் வாய்க்குள் போகுமாயின் அதைவிடப் பெரிய இழப்பு இல்லை.

நான்காம் தடை: பிள்ளையின் நாவு

இத்தனையும் கடந்து கோப்பையில் வைத்த கீரையைப் பிள்ளை துப்பிவிடுகின்றது. "இவளுக்குக் கீரை பிடியாது" என்று தீர்ப்புக் கூறி நாம் நிறுத்திவிடுகின்றோம். அங்கேதான் பிழை. இரண்டு வயதுப் பிள்ளை புதிய உணவை அஞ்சுவது இயல்பு. லியான் பேர்ச் என்னும் அமெரிக்க உளவியலாளர், இவ்வயதுப் பிள்ளைகள் ஒரு புது உணவை எத்தனைக்கு மேன்மேலும் சுவைக்கின்றார்களோ அத்தனைக்கு அதனை விரும்புகின்றார்கள் என்று 1982ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில் எடுத்துக்காட்டினார். எட்டு, பத்து முறையும் அதற்கு மேலும் வேண்டியிருக்கும். நாமோ மூன்றாம் முறையிற் கைவிடுகின்றோம்.

கைவிடாதவர்கள் சிலர் மூக்கைப் பிடித்து ஊட்டுகின்றார்கள். வேறு சிலர் கைத்தொலைபேசியைக் காட்டி, பிள்ளை அறியாமலே வாயிற் தள்ளுகின்றார்கள். இன்னும் சிலர் 'இதை உண்டால் இனிப்புத் தருவேன்' என்று பேரம் பேசுகின்றார்கள். பரிசு காட்டி ஊட்டிய உணவைப் பிள்ளைகள் பின்னர் குறைவாகவே விரும்பினர் என்பதையும் அதே ஆய்வாளர் 1984ஆம் ஆண்டில் கண்டார். பரிசு கொடுத்து உண்பிக்கும் பண்டம் கெட்ட பண்டமாகத்தான் இருக்கவேண்டும் என்று பிள்ளை முடிவுசெய்கின்றது போலும்!

பிள்ளை நோக்குவது பிறர் உண்பதையே. காள் டுங்கர் என்னும் உளவியலாளர் 1938ஆம் ஆண்டில், முன்னர் உண்ட பிள்ளை எடுத்த உணவையே அதனைப் பார்த்திருந்த பிள்ளையும் எடுப்பதைக் கண்டெழுதினார். இதற்கு ஆய்வும் வேண்டுமா? தந்தை ஒதுக்கிவைக்கும் கீரையை மகன் உண்பானா? நானே சிறுவயது முதல் பொன்னாங்காணியைக் கோப்பையின் ஓரத்தில் தள்ளிவைப்பவன். அதனையும் என் மகள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

எங்கள் வீட்டில் நிகழ்ந்தது

வைத்தியர் இரும்புப் பாணி மருந்து கொடுத்தார், பூச்சிமருந்தும் கொடுத்தார். கொழுக்கிப்புழு குடலிலிருந்து இரத்தத்தை உறிஞ்சுவதாகையால், என் தாயாரின் சந்தேகமும் முற்றிலும் பிழையன்று என்றார். அதைக் கேட்டபின் தாயாரின் முகம் சற்றுத் தெளிந்தது. மற்றவற்றைக் கேட்கவும் அவர் இசைந்தார்.

மருந்து மூன்று மாதம் தொடர்ந்தது. சில வாரங்களிலேயே அரிசி தின்பது நின்றது. வீட்டில் நாங்கள் மாற்றியவை சிலவே. பிள்ளையின் பங்கு தூளுக்கு முன் எடுக்கப்பட்டது. பயறு முளைகட்டப்பட்டது. மாலையில் விசுக்கோத்துக்குப் பதில் எள்ளுருண்டையோ குரக்கன் பிட்டோ வந்தது. என் தேத்தண்ணீர் நாலு மணிக்குத் தள்ளிப்போயிற்று. தாச்சி கோழிக்கூட்டிலிருந்து மீண்டு, தேய்த்துக் கழுவப்பட்டு அடுப்பேறியது. மாலையில் விடைத்தாள் திருத்த அமருமுன், முருங்கையிலை உருவும் வேலையை நான் ஏற்றுக்கொண்டேன். மகள் என் அருகிருந்து தானும் உருவினாள். பாதியை நிலத்திற் கொட்டினாள். தான் உருவிய இலை என்ற பெருமையோடு வறையை முதன்முதல் ஒரு வாய் உண்டாள். அதற்கு முன் எத்தனை முறை துப்பினாள் என்று எண்ணவில்லை, பத்துக்குக் குறையாது.

இரண்டொரு எச்சரிக்கை கூறி முடிப்பேன். சோகை எல்லாம் இரும்புக் குறைபாடு அன்று. தலசீமியா போன்ற பரம்பரை நோய்களும் நம் நாட்டில் உண்டு. அவற்றுக்கு இரும்பு மருந்து தீங்காகவும் முடியலாம். ஆகவே சோதித்து அறியாமல் கடையில் மருந்து வாங்கிக் கொடுக்கலாகாது. கர்ப்பிணிகளின் இரும்பு மாத்திரைகளைப் பிள்ளையின் கைக்கு எட்டாது பூட்டிவைக்க வேண்டும். இனிப்பென்று எண்ணி அள்ளி விழுங்கும் பிள்ளைக்கு அவை உயிர்கொல்லும் நஞ்சு.

பிள்ளை வெளிறியிருந்தால், விளையாட்டிற் சோர்ந்தால், மண்ணோ அரிசியோ தின்றால், அடிக்க ஓங்கும் கையைத் தாழ்த்தி அதன் கீழிமையை இறக்கிப் பாருங்கள். பின் கிளினிக்குக்குக் கொண்டு செல்லுங்கள். அடுத்து, அன்றைய மதிய உணவில் அதன் கோப்பையில் உண்மையாக என்ன இருந்தது என்று பாருங்கள். வேலியில் நிற்பதும் சட்டியில் வேகுவதும் கணக்கல்ல.

இன்று என் மகளுக்கு எட்டு வயது. முருங்கையிலை வறையை விரும்பி உண்கின்றாள் என்று எழுத எனக்கும் ஆசைதான், அவ்வாறில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டு உண்கின்றாள். பொன்னாங்காணியை நானும் அவ்வாறே உண்கின்றேன். இருவர் கோப்பைக்கும் தேசிக்காய் பிழிபவர் என் தாயார்.